ரெண்டு ப்ராசஸுக்கு நடுவுல லேசான லாக்: கெர்னல எப்ப எழுப்பணும், எப்ப விட்டுடணும்

கேட்ட கேள்வி இதுதான். லினக்ஸ்ல ரெண்டு ப்ராசஸ் ஓடுது, ஒன்னு ஷேர்டு மெமரில எழுதுது, இன்னொன்னு அதை படிக்குது, செகண்டுக்கு ரெண்டு லட்சம் சின்னச் சின்ன மெசேஜ். நடுவுல சிஸ்டம் ஃபைவ் செமஃபோர் (ரெண்டு பேரும் ஒரே நேரத்துல கை வைக்காம தடுக்கிற பழைய யூனிக்ஸ் லாக்) வச்சிருக்கீங்க, ப்ரொஃபைல் எடுத்து பாத்தா பாதி சிபியு கெர்னலுக்குள்ளயே, அதாவது ஆப்பரேட்டிங் சிஸ்டத்தோட உள்பகுதிலயே போயிடுது. இதை தூக்கிப் போட்டுட்டு ஒரு ஸ்பின்லாக் (தூங்காம, லாக் கிடைக்கிற வரைக்கும் சுத்திக்கிட்டே பாக்குறது) எழுதிக்கலாமா, இல்ல வேற லேசான வழி ஏதாவது இருக்கான்னு கேட்டிருக்கீங்க.

ஸ்பின்லாக் வேணாம், ஏன்னு பின்னாடி சொல்றேன். லேசான வழி இருக்கு, அதுவும் 2002-லயே வந்தாச்சு. ஆனா இதுல வேகமா லாக் எடுக்கிறது பெரிய விஷயமே கிடையாது, அது நாலு வரி கோடு. "சரி தூங்கலாம்"னு முடிவு பண்ற நேரத்துக்கும் நிஜமாவே தூங்குற நேரத்துக்கும் நடுவுல ஒரு சின்ன இடைவெளி இருக்கு பாருங்க, அங்கதான் எல்லாரும் விழறாங்க, அடுத்தது லாக்க கைல வச்சிருக்கிறவன் செத்துப் போறப்ப. இந்த ரெண்டையும் யோசிக்காம எழுதின எந்த லாக்கும் டெமோல நல்லா ஓடும், புரொடக்ஷன்ல என்னைக்காவது ஒரு நாள் ராத்திரி தொங்கும்.

முதல்ல உங்க செமஃபோர் ஏன் கனமா இருக்குன்னு பாத்துடுவோம். வீட்டுல பாத்ரூம் போறோம், உள்ள யாரும் இல்லன்னா கதவ தள்ளி உள்ள போய் தாழ்ப்பாள் போட்டுக்கிறோம், அவ்ளோதான். சிஸ்டம் ஃபைவ் செமஃபோர் எப்படின்னா, வீட்டுல நீங்க ஒத்த ஆளா இருந்தாலும் ஒவ்வொரு தடவையும் தாலுகா ஆபீஸ் போய் மனு குடுத்து அனுமதி வாங்கிட்டு வந்து பாத்ரூம் போகணும், முடிஞ்சதும் திரும்பவும் போய் "முடிஞ்சுது"ன்னு எழுதிக் குடுக்கணும். செம்ஆப்ங்கிறது ஒரு சிஸ்டம் கால், அதாவது கெர்னல்கிட்ட வேலை சொல்ற கால், எப்ப கூப்பிட்டாலும் கெர்னலுக்குள்ள போகும், ஐடிய வச்சு அந்த செட்ட தேடும், பர்மிஷன் பாக்கும், கெர்னலோட சொந்த லாக்க எடுக்கும், அப்புறம்தான் உங்க நம்பர கூட்டும் இல்ல குறைக்கும். இத்தனைக்கும் முக்காவாசி நேரம் அங்க உங்களோட மோதுறதுக்கு யாருமே இருக்க மாட்டாங்க.

கணக்கும் போட்டுப் பாருங்க. ஒரு மெசேஜுக்கு ரெண்டு பக்கமும் எடுக்க ஒன்னு விட ஒன்னுன்னா நாலு செம்ஆப், செகண்டுக்கு எட்டு லட்சம் சிஸ்டம் கால். ஒரு வெறும் சிஸ்டம் காலே சுமார் நூறு நானோசெகண்ட், 2018-ல மெல்ட்டவுன்ங்கிற ப்ராசஸர் ஓட்டைக்கு பேட்ச் வந்ததுக்கு அப்புறம் பழைய ப்ராசஸர்ல இன்னும் ஜாஸ்தி. அதுக்கு மேல யாராவது நிஜமாவே தூங்கி எழுந்தா கான்டெக்ஸ்ட் ஸ்விட்ச் (சிபியு ஒரு ப்ராசஸ விட்டு இன்னொன்னுக்கு மாறுறது), அது மைக்ரோசெகண்ட் கணக்கு. யாரும் போட்டி போடாதப்ப ஒரு அட்டாமிக் ஆபரேஷனுக்கு (நடுவுல யாரும் நுழைய முடியாம ஒரே அடியா நடக்கிற மாத்தம்) ஆகுறது பத்து நானோசெகண்டுக்குள்ள. அதனால பாதி சிபியு போகுதுன்னு நீங்க சொன்னதுல எனக்கு ஆச்சரியமே இல்ல.

சிஸ்டம் ஃபைவ் மேல எனக்கு பழைய கோவம் ஒன்னும் இருக்கு. ஒரு இடத்துல வேலை பாக்குறப்ப சர்வர் ஸ்டார்ட் ஆகாம "டிவைஸ்ல இடம் இல்ல"ன்னு எர்ரர் வந்துச்சு. டிஸ்க்க பாத்தா முக்காவாசி காலி. ஐநோட் (ஒவ்வொரு ஃபைலுக்கும் ஒன்னு, அதுவும் தீந்து போகலாம்) பாத்தோம், அதுவும் இருக்கு, ரெண்டு பேர் உக்காந்து அரை நாள் டிஸ்க்கையே நோண்டிட்டு இருந்தோம். கடைசில பாத்தா செமஃபோர் செட் எண்ணிக்கை லிமிட்ட தொட்டிருக்கு, அதுக்கும் கெர்னல் அதே எர்ரர்தான் குடுக்கும். அப்ப டீஃபால்ட் 128 தான், கெர்னல் 3.19-ல தான் அதை 32000 ஆக்குனாங்க. ப்ராசஸ் செத்தாலும் செமஃபோர் சாகாது, யாராவது ஐபிசிஆர்எம் கமாண்ட் அடிச்சு அழிக்கிற வரைக்கும் பேய் மாதிரி அங்கயே கிடக்கும், எங்க ப்ரோக்ராம் ஒவ்வொரு தடவை கிராஷ் ஆனப்பவும் ஒன்ன விட்டுட்டுப் போயிருக்கு. இதுக்கு நேர் எதிரான கூத்தும் உண்டு, சிஸ்டம்டில (லினக்ஸ்ல சர்வீஸ்கள பாத்துக்கிறது) ரிமூவ்ஐபிசின்னு ஒரு செட்டிங், யூசர் லாக்அவுட் ஆனதும் அவரோட செமஃபோர எல்லாம் சுத்தமா துடைச்சுடும், போஸ்ட்கிரஸ் டேட்டாபேஸ் ஓட்டுறவங்க நிறைய பேர் இதுல அடி வாங்கியிருக்காங்க. போஸ்ட்கிரஸ் 10-ல இருந்து லினக்ஸ்ல டீஃபால்ட்டா போசிக்ஸ் செமஃபோருக்கு (புது வகை, ஷேர்டு மெமரிலயே வைக்கலாம்) மாறிட்டாங்க.

ஒரு நல்லதையும் சொல்லிடணும். செம்-அண்டூன்னு ஒரு ஃப்ளாக் இருக்கு, லாக் வச்சிருந்த ப்ராசஸ் செத்தா அது பண்ணின கணக்க கெர்னலே திருப்பி விட்டுடும். இந்த வசதிக்கு சமமான ஒன்னு லேசான லாக்குக்கு வர நாலு வருஷம் ஆச்சு. அதுக்கு அப்புறம் வரேன்.

இப்ப லேசான வழி. பேரு ஃப்யூட்டெக்ஸ். ஹுபர்ட்டஸ் ஃப்ராங்கே, ரஸ்டி ரஸ்ஸல், மேத்யூ கிர்க்வுட் மூணு பேரும் 2002-ல ஒட்டாவா லினக்ஸ் சிம்போசியத்துல இதைப் பத்தி பேப்பர் குடுத்தாங்க, அதே வருஷம் 2.5.7 கெர்னல்ல உள்ள வந்துச்சு. ஐடியா ரொம்ப சிம்பிள்: லாக்குங்கிறது உங்க மெமரில இருக்கிற ஒரு 32 பிட் நம்பர், அவ்ளோதான், 64 பிட் மெஷின்லயும் 32 தான். யாரும் இல்லன்னா அட்டாமிக்கா மாத்திட்டு போய்க்கிட்டே இருங்க, கெர்னலுக்கு அப்படி ஒரு லாக் இருக்கிறதே தெரியாது. காத்துக்கிட்டே ஆகணும்னா மட்டும் கெர்னல கூப்பிட்டு "இந்த அட்ரஸ்ல நான் தூங்குறேன்"னு சொல்லணும், விடுறவன் "இந்த அட்ரஸ்ல தூங்குற ஒருத்தன எழுப்பு"ன்னு சொல்லணும். இதுக்கு முன்னாடியே பிஓஎஸ்ங்கிற பழைய ஆப்பரேட்டிங் சிஸ்டத்துல பெனஃபோர்னு ஒன்னு இருந்துச்சு, ஒரு அட்டாமிக் கவுன்ட்டர், பின்னாடி ஒரு கெர்னல் செமஃபோர், கவுன்ட்டர்ல மோதல் தெரிஞ்சா மட்டும் செமஃபோர தொடும். ஐடியா அதே குடும்பம்தான். ஆனா பெனஃபோருக்கு கெர்னல்ல ஒரு செமஃபோர முன்கூட்டியே உருவாக்கி வைக்கணும், ஃப்யூட்டெக்ஸ்ல எதையும் உருவாக்க வேணாம், அழிக்கவும் வேணாம், தூங்குறவன் இருக்கிற வரைக்கும் மட்டும்தான் கெர்னல்ல அதுக்கு இடம்.

சரி, அந்த இடைவெளிக்கு வருவோம், இத பொறுமையா பாருங்க. லாக் நம்பர் 0-ன்னா காலி, 1-ன்னா யாரோ வச்சிருக்காங்கன்னு வச்சுக்குவோம். ரீடர் வந்து பாக்குது, 1 இருக்கு, சரி தூங்கலாம்னு முடிவு பண்ணுது. முடிவு பண்ணின அந்த நொடில ஷெட்யூலர் (யாரு எப்ப சிபியுல ஓடணும்னு முடிவு பண்ற கெர்னல் பகுதி) அதை இறக்கி விட்டுட்டு ரைட்டர ஏத்துது. ரைட்டர் வேலைய முடிச்சு 0 போட்டுட்டு "யாராவது தூங்குறாங்களா, எழுப்பு"ங்குது, கெர்னல் பாக்குது, க்யூ காலி, யாரும் இல்ல, சரின்னு விட்டுடுது. இப்ப ரீடர் திரும்ப ஓடுது, அதுக்கு தெரிஞ்சதெல்லாம் பழைய 1 தான், போய் தூங்குது. லாக் காலியா இருக்கு, ஆனா ரீடர் தூங்குது, எழுப்ப இனிமே யாரும் வரப் போறது இல்ல. சிக்னல வச்சோ பைப்ப வச்சோ சொந்தமா லாக் எழுதினவங்க எல்லாரும் ஒரு தடவையாவது இதுல மாட்டியிருப்பாங்க, நானும்தான்.

ஃப்யூட்டெக்ஸ் வெயிட் காலுக்கு அட்ரஸோட இன்னொரு நம்பரும் குடுக்கணும், "நான் பாத்தப்ப அங்க 1 இருந்துச்சு, இன்னும் 1 தான் இருக்குன்னா மட்டும் என்னை தூங்க வை". கெர்னல் அந்த அட்ரஸுக்கான க்யூவோட லாக்க எடுத்து, நம்பர திரும்ப ஒரு தடவை படிச்சு, மாறியிருந்தா ஈஅகெய்ன்னு எர்ரர் குடுத்து திருப்பி அனுப்பிடும், மாறலன்னா அதே லாக்குக்குள்ளயே க்யூல சேத்துட்டு தூங்க வைக்கும். எழுப்புறவனும் அதே க்யூ லாக்க தாண்டித்தான் வரணும், அதனால நடுவுல நுழையவே இடம் இல்ல. மொத்த ஃப்யூட்டெக்ஸோட உயிரும் இந்த ஒரு கம்பேர்லதான் இருக்கு, மத்ததெல்லாம் அலங்காரம்.

0, 1 மட்டும் வச்சா இன்னொரு தொல்லை. விடுறப்ப யாராவது காத்திருக்காங்களான்னு தெரியாது, அதனால ஒவ்வொரு தடவையும் வேக் கால் பண்ணணும், திரும்பவும் தாலுகா ஆபீஸ். அதனால மூணாவது நம்பர்: 2-ன்னா "லாக் போட்டிருக்கு, யாரோ காத்துக்கிட்டும் இருக்கலாம்". எடுக்கிறவன் 0-வ 1 ஆக்க ட்ரை பண்ணுவான், முடிஞ்சா போயிட்டே இருப்பான். முடியலன்னா 2-ன்னு எக்ஸ்சேஞ்ச் பண்ணுவான், பழைய நம்பர் 0-வா இருந்தா லாக் கிடைச்சாச்சு, இல்லன்னா "2 இருந்தா தூங்க வை"ன்னு கெர்னல கூப்பிடுவான், எழுந்ததும் திரும்ப 2-ன்னு எக்ஸ்சேஞ்ச். விடுறவன் 0-ன்னு எக்ஸ்சேஞ்ச் பண்ணி பழைய நம்பர் 2-வா இருந்தா மட்டும் ஒருத்தன எழுப்புவான். எழுந்தவன் ஏன் 1 போடாம 2 போடணும்? ஏன்னா தனக்கு பின்னாடி க்யூல இன்னும் ஆள் இருக்கா இல்லயான்னு அவனுக்கு தெரியாது. 1 போட்டு லாக்க எடுத்துக்கிட்டான்னா, விடுறப்ப யாரையும் எழுப்ப மாட்டான், பின்னாடி இருக்கிறவன் அப்படியே படுத்துக் கிடப்பான். 2 போட்டா எப்பயாவது தேவையில்லாம ஒரு வேக் கால் போகும், பரவால்ல. உல்ரிக் ட்ரெப்பர் இதை வச்சே ஒரு பேப்பர் எழுதினார், ஃப்யூட்டெக்ஸ் தந்திரமான சாமான்னு தலைப்புலயே சொல்லிட்டார், ஜிலிப்சியோட (லினக்ஸோட சி லைப்ரரி) த்ரெட் லைப்ரரிய எழுதினவங்கள்ல ஒருத்தரே அப்படி சொன்னா நம்ம எந்த மூலை.

எழுந்து வர்றவனுக்கே லாக் கிடைக்கும்னு கேரன்டி கிடையாது, அவன் கண்ண கசக்கிட்டு வர்றதுக்குள்ள ஓடிக்கிட்டு இருக்கிற இன்னொருத்தன் லாக்க தட்டிட்டு போயிடலாம். இது நியாயமே இல்லயேன்னு தோணும், ஆனா தெரிஞ்சேதான் இப்படி வச்சிருக்காங்க, வரிசைப்படிதான் கைமாத்தணும்னா ஒவ்வொரு தடவையும் தூங்குறவன் எழுந்து வர்ற வரைக்கும் லாக் சும்மா கிடக்கும், பின்னாடி பெரிய கூட்டமே சேந்துடும். காரணமே இல்லாம சும்மாவும் எழுப்பி விடலாம், சிக்னல் வந்தாலும் எழுந்துடும், அதனால எழுந்ததும் கண்டிஷன திரும்ப செக் பண்ற லூப் எப்பவும் வேணும், இஃப் போட்டீங்கன்னா செத்தீங்க.

ரெண்டு ப்ராசஸுக்கு நடுவுலன்னு வர்றப்ப மட்டும் வர்ற குழி ஒன்னு இருக்கு. 2.6.22-ல பிரைவேட்னு ஒரு ஃப்ளாக் சேத்தாங்க. ஒரே ப்ராசஸோட த்ரெட்களுக்கு மட்டும்னா கெர்னல் அந்த ப்ராசஸோட அட்ரஸ் ஸ்பேஸையும் வர்ச்சுவல் அட்ரஸையும் வச்சே க்யூவ கண்டுபிடிச்சுடும், வேகம். ஷேர்டுன்னா அந்த பேஜ் எந்த ஃபைலோட ஐநோட், அதுல எத்தனாவது பேஜ், பேஜுக்குள்ள எத்தனாவது பைட்டுன்னு பாத்து க்யூவ கண்டுபிடிக்கும், அதனாலதான் ரெண்டு ப்ராசஸும் வேற வேற அட்ரஸ்ல மேப் பண்ணியிருந்தாலும் ஒரே இடத்துல சந்திக்குது. நீங்க தெரியாம பிரைவேட் ஃப்ளாக்க போட்டுட்டா எர்ரரே வராது, இவன் ஒரு க்யூல எழுப்புவான், அவன் வேற க்யூல தூங்குவான். சி ப்ளஸ் ப்ளஸ் 20-ல அட்டாமிக் வெயிட், நோட்டிஃபைன்னு அழகா வந்திருக்கே அதையே ஷேர்டு மெமரில வச்சுக்கலாம்னு தோணும், ஜிசிசி கூட வர்ற லைப்ரரில அது பிரைவேட்டாதான் கூப்பிடுது, த்ரெட்டுக்கு சரி, ப்ராசஸுக்கு வேலைக்கு ஆகாது. விண்டோஸ்லயும் இதே கதைதான், விண்டோஸ் 8-ல வந்த வெயிட்-ஆன்-அட்ரஸ் ஒரு ப்ராசஸுக்குள்ள மட்டும்தான், ப்ராசஸ் தாண்டினா பேரு வச்ச ஈவென்ட் இல்ல மியூட்டெக்ஸ்னு கெர்னல் ஆப்ஜெக்ட்டுக்குத்தான் போகணும்.

இப்ப ஸ்பின்லாக். கெர்னல்ல ஸ்பின்லாக் நல்லா வேலை செய்யுது, ஏன்னா லாக் வச்சிருக்கிறப்ப தன்னை யாரும் இறக்கி விடாம கெர்னல் பாத்துக்கும். யூசர் ஸ்பேஸ்ல உங்களுக்கு அந்த அதிகாரம் இல்ல. லாக்க வச்சிருக்கிற ப்ராசஸ ஷெட்யூலர் இறக்கி விட்டுடுச்சுன்னா, நீங்க இந்தப் பக்கம் சுத்திக்கிட்டே இருப்பீங்க, அதுவும் ஒரே கோர்ல ரெண்டும் இருந்தா அவன் ஓட வேண்டிய நேரத்தையே நீங்க சுத்தி தீக்குறீங்க. கன்டெய்னர்ல சிபியு கோட்டா போட்டிருந்தா இன்னும் மோசம். ரியல்டைம் ப்ரையாரிட்டில ஓடுற ப்ராசஸ் சுத்துது, லாக் சாதா ப்ரையாரிட்டி ப்ராசஸ் கைல, ரெண்டும் ஒரே கோர்ல மாட்டிக்குச்சுன்னா, கெர்னல் டீஃபால்ட்டா ரியல்டைமுக்கு செகண்டுல 95 சதவீதம்னு வச்சிருக்கிற வரம்பு இல்லன்னா அது முடியவே முடியாது. யீல்டு கால் (என் முறைய விட்டுத் தர்றேன்னு சொல்றது) போட்டா சரியாயிடும்னு சிலர் சொல்வாங்க, யாருக்கு விட்டுக் குடுக்கணும்னு ஷெட்யூலருக்கு தெரியாதே, அது யாரையோ ஏத்தும். 2020 ஜனவரில இதைப் பத்தி ஒரு பெரிய வாக்குவாதம் ஓடினப்ப லினக்ஸ உருவாக்கின லினஸ் டோர்வால்ட்ஸே வந்து யூசர் ஸ்பேஸ்ல ஸ்பின்லாக் எழுதாதீங்கன்னு நீளமா எழுதினார், காரணம் இதேதான். எத்தனை தடவை சுத்தலாம்னு நம்பர் போட்டு ட்யூன் பண்ணலாம்னாலும் அது மெஷினுக்கு மெஷின் மாறும், இன்டெல் ஸ்கைலேக் ப்ராசஸர்ல, சுத்துறப்ப நடுவுல போடுற பாஸ் இன்ஸ்ட்ரக்ஷன் பத்து சைக்கிள்ல இருந்து 140 சைக்கிள் வரைக்கும் போயிடுச்சு, பழைய மெஷின்ல அளந்து வச்ச நம்பர் எல்லாம் பத்து மடங்குக்கு மேல நீண்டு போச்சு.

சாவு விஷயம். என் சொந்தக் கதை இது. ஷேர்டு மெமரில மேல சொன்ன 0, 1, 2 வச்ச மியூட்டெக்ஸ் (ஒரு நேரத்துல ஒருத்தர் மட்டும் எடுக்கிற லாக்) நானே எழுதி, ரொம்ப பெருமையா ஓட விட்டிருந்தேன், ரெண்டு மாசம் ஒரு பிரச்சனையும் இல்ல. ஒரு நாள் ராத்திரி மெமரி பத்தாம கெர்னலோட ஓஓஎம் கில்லர் ஒரு ப்ராசஸ போட்டுத் தள்ளுச்சு, அது செத்த நேரத்துல லாக் அது கைல. சூப்பர்வைசர் அதை திரும்ப ஸ்டார்ட் பண்ணுச்சு, புது ப்ராசஸ் வந்து பாத்துச்சு, நம்பர் 2, சரி யாரோ வச்சிருக்காங்கன்னு தூங்கிடுச்சு. மத்த அஞ்சு ப்ராசஸும் தூங்குது. சிபியு சைபர், எர்ரர் எழுதுற ஃபைல்ல ஒரு வரி இல்ல, மானிட்டரிங்ல எல்லாம் பச்சை. காலைல ஏழு மணிக்கு டேட்டா வரலன்னு போன் வந்தப்பதான் தெரியும். 2-ங்கிற நம்பர பாத்தா யாரு வச்சிருக்கான்னு யாருக்கு தெரியும்?

இதுக்குத்தான் 2006-ல 2.6.17-ல ரோபஸ்ட் ஃப்யூட்டெக்ஸ் வந்துச்சு. அதுல லாக் நம்பர்ல 1, 2-ன்னு போடாம லாக் எடுத்தவனோட த்ரெட் ஐடியையே எழுதி வைக்கிறாங்க, கீழ இருக்கிற 30 பிட் அதுக்கு, மேல ரெண்டு பிட்ல ஒன்னு "ஆள் காத்திருக்கு", இன்னொன்னு "வச்சிருந்தவன் செத்துட்டான்". ஒவ்வொரு த்ரெட்டும் தன் கைல இருக்கிற லாக் எல்லாத்தையும் தன்னோட மெமரிலயே ஒரு லிங்க்டு லிஸ்ட்டா கோத்து வச்சுக்கும், அந்த லிஸ்ட்டோட தலை எங்க இருக்குன்னு மட்டும் ஒரே ஒரு தடவை கெர்னல்ல சொல்லி வைக்கும். ஓடுறப்ப இதுக்குன்னு கெர்னலுக்குப் போக வேணாம், த்ரெட் செத்தா மட்டும் கெர்னல் அந்த லிஸ்ட்ட நடந்து பாத்து, அந்த த்ரெட்டோட ஐடி இருக்கிற ஒவ்வொரு லாக்லயும் செத்துட்டான் பிட்ட போட்டு ஒருத்தன எழுப்பி விடும். லிஸ்ட்ட வேணும்னே வட்டமா கோத்து கெர்னல சுத்த விட்டுடப் போறாங்கன்னு 2048-க்கு மேல நடக்காது. லாக்க எடுத்தாச்சு, இன்னும் லிஸ்ட்ல கோக்கல, அந்த ரெண்டு இன்ஸ்ட்ரக்ஷனுக்கு நடுவுல செத்தா? அதுக்கும் "இப்ப இதை எடுக்கப் போறேன்"னு முன்னாடியே குறிச்சு வைக்க தனியா ஒரு இடம் இருக்கு. இதை டிசைன் பண்ணினவங்க மேல எனக்கு மரியாதை வந்ததே அந்த ஒரு ஃபீல்ட பாத்துத்தான்.

இதை எல்லாம் நீங்க கையால எழுத வேணாம். பீத்ரெட் லைப்ரரியோட மியூட்டெக்ஸ ஷேர்டு மெமரில வச்சு, ப்ராசஸ்-ஷேர்டு, ரோபஸ்ட்னு ரெண்டு ஆட்ரிப்யூட் செட் பண்ணினா ஜிலிப்சி எல்லாம் பாத்துக்கும். செத்தவன் கையில இருந்த லாக்க எடுக்கிறப்ப ஈ-ஓனர்-டெட்னு ரிட்டர்ன் வரும், அது எர்ரர் மாதிரி இருந்தாலும் லாக் உங்க கைக்கு வந்தாச்சு. "வச்சிருந்தவன் பாதில செத்துட்டான், டேட்டாவ பாத்துக்கோ"ங்கிற எச்சரிக்கை அது. சரி பண்ணிட்டு கன்சிஸ்டன்ட்னு ஒரு கால் பண்ணணும், அதை பண்ணாம அன்லாக் பண்ணீங்கன்னா அந்த லாக் அதோட செத்துடும், யாராலயும் எடுக்க முடியாது. டேட்டாவ எப்படி சரி பண்றதுங்கிறது உங்க தலைவலி, அதை எந்த லாக்கும் பண்ணித் தராது, சிஸ்டம் ஃபைவோட அண்டூவும் கணக்கதான் திருப்பும், பாதி எழுதின டேட்டாவ திருப்பாது. அப்புறம் போசிக்ஸ் செமஃபோருக்கும் கண்டிஷன் வேரியபிளுக்கும் ரோபஸ்ட்டுன்னு ஒன்னு கிடையாது, மறந்துடாதீங்க.

ப்ரையாரிட்டி இன்வர்ஷன் உங்க கேஸுக்கு தேவைப்படாதுன்னு நினைக்கிறேன், ஆனா ரியல்டைம் ப்ரையாரிட்டி வச்சிருந்தா தெரிஞ்சுக்கங்க. 1997-ல செவ்வாய்ல இறங்கின நாசாவோட பாத்ஃபைண்டர் விண்கலம் திடீர் திடீர்னு ரீசெட் ஆனது இதனாலதான், லாக் சின்ன ப்ரையாரிட்டி வானிலை டாஸ்க் கைல, பெரிய டாஸ்க் அதுக்கு காத்திருக்கு, நடுவுல இருக்கிற மீடியம் டாஸ்க் சின்னத ஓடவே விடல. பூமில இருந்து ப்ரையாரிட்டி இன்ஹெரிட்டன்ஸ (லாக் வச்சிருக்கிறவனுக்கு, காத்திருக்கிறவனோட ப்ரையாரிட்டிய குடுக்கிறது) ஆன் பண்ணி சரி பண்ணினாங்க. லினக்ஸ்ல அதுக்கான ஃப்யூட்டெக்ஸ் 2.6.18-ல வந்துச்சு, அங்கயும் லாக் நம்பர்ல த்ரெட் ஐடிதான், இல்லன்னா யாருக்கு ப்ரையாரிட்டிய ஏத்தி விடணும்னு கெர்னலுக்கு எப்படி தெரியும்.

இப்ப உங்க கேஸ். உடனடி நிவாரணம் வேணும்னா சிஸ்டம் ஃபைவ எடுத்துட்டு ஷேர்டு மெமரிக்குள்ளயே போசிக்ஸ் செமஃபோர் வைங்க, இனிஷியலைஸ் பண்றப்ப ப்ராசஸ்-ஷேர்டு ஆர்க்யுமென்ட்டுக்கு 1 குடுங்க. உள்ள அதுவும் ஃப்யூட்டெக்ஸ்தான், அரை நாள் வேலை, பெரிய வித்தியாசம் தெரியும்.

ஆனா எழுதுறது ஒருத்தன், படிக்கிறது ஒருத்தன்னா லாக்கே தேவையில்லையே. ஒரு ரிங் பஃபர் (கடைசிக்கு வந்ததும் திரும்ப முதல்ல இருந்து எழுதுற இடம்), ரெண்டு கவுன்ட்டர், ஒன்ன ரைட்டர் மட்டும் ஏத்தும், இன்னொன்ன ரீடர் மட்டும் ஏத்தும். ரைட்டர் முதல்ல மெசேஜ எழுதிட்டு அப்புறம் ரிலீஸ் ஆர்டர்ல தன் கவுன்ட்டர ஏத்தணும், ரீடர் அக்வயர்ல படிக்கணும் (கவுன்ட்டர் ஏறினத பாத்தவனுக்கு அதுக்கு முன்னாடி எழுதின மெசேஜும் கண்டிப்பா தெரியும்ங்கிற ஏற்பாடு), ரெண்டு கவுன்ட்டரும் வேற வேற 64 பைட் கேஷ் லைன்ல (ப்ராசஸர் ஒரே துண்டா தன்கிட்ட எடுத்து வச்சுக்கிற மெமரி) இருக்கணும், இல்லன்னா ஒருத்தர் எழுத எழுத இன்னொருத்தர் கேஷ் லைன் பிடுங்கப்பட்டுக்கிட்டே இருக்கும். உள்ள பாயின்டர் வைக்காதீங்க, ஆஃப்செட் மட்டும். சாவு பிரச்சனையும் இதுல முக்காவாசி தானா போயிடுது, ரைட்டர் பாதில செத்தா கவுன்ட்டர் ஏறலயே, பாதி மெசேஜ் ரீடர் கண்ணுக்கே தெரியாது.

மிச்சம் இருக்கிறது ரிங் காலியா இருக்கிறப்ப ரீடர் தூங்குறது மட்டும். இதுக்கு ஒரு ஃப்ளாக், அதுமேல ஃப்யூட்டெக்ஸ். ரீடர் ஃப்ளாக்ல 1 போட்டுட்டு, ரிங்க திரும்ப ஒரு தடவை பாத்து, இன்னும் காலின்னா "1 இருந்தா தூங்க வை". ரைட்டர் மெசேஜ போட்டு கவுன்ட்டர ஏத்திட்டு ஃப்ளாக்க பாக்கும், 1-ன்னா 0 ஆக்கிட்டு எழுப்பும். பாக்க சரியாத்தான் இருக்கு, ஆனா ரெண்டு பக்கமும் "எழுது, அப்புறம் படி"ங்கிற இடத்துல ஃபுல் பேரியர் (எழுதினது மத்தவங்களுக்கு தெரிஞ்ச அப்புறம்தான் அடுத்தத படிக்கணும்னு ப்ராசஸருக்கு சொல்றது) இல்லன்னா தொங்கும். எக்ஸ்86-ல கூடத்தான், அங்க ஆர்டர் எல்லாம் ஸ்ட்ராங்னு ஒரு நம்பிக்கை இருக்கு, ஆனா ஸ்டோர் பண்ணினது ஸ்டோர் பஃபர்ல நிக்கிறப்பவே அடுத்த லோட் முந்திப் போறது எக்ஸ்86-லயே நடக்கும். ரைட்டர் பழைய 0-வ பாத்துட்டு எழுப்பாம போயிடும், ரீடர் பழைய கவுன்ட்டர பாத்துட்டு தூங்கிடும், ரெண்டு பேரும் தன் பக்கம் சரியாத்தான் பண்ணினாங்க. அக்வயர் ரிலீஸ் இங்க பத்தாது, ரெண்டு பக்கமும் சீக்வென்ஷியலி கன்சிஸ்டன்ட் ஃபென்ஸ் வேணும். கெர்னல்காரங்களே இதுல விழுந்திருக்காங்க, 3.14-ல க்யூல யாரும் இல்லன்னா க்யூ லாக்கயே எடுக்க வேணாம்னு ஒரு ஆப்டிமைசேஷன் பண்ணப் போய், ஒரு பாதைல பேரியர் விட்டுப் போச்சு, 3.18-ல தான் சரி பண்ணினாங்க, நடுவுல ஜாவா சர்வர் எல்லாம் காரணமே தெரியாம தூங்கிட்டு கிடந்துச்சு.

ரைட்டர் செத்துட்டா ரீடர் தூங்கிக்கிட்டே இருக்குமேன்னு கேட்டா, வெயிட்டுக்கு ஒரு செகண்ட் டைம்அவுட் குடுங்க, எழுந்ததும் ரைட்டர் உயிரோட இருக்கான்னு பாத்துட்டு திரும்ப தூங்கட்டும். ரீடர் சாக்கெட்டையும் சேத்து காத்திருக்கணும்னா ஃப்யூட்டெக்ஸ் ஒத்து வராது, ஈவென்ட்எஃப்டி (எழுப்புறதுக்குன்னே இருக்கிற ஃபைல் மாதிரி ஒன்னு) வச்சு, பல ஃபைல், சாக்கெட்டுக்கு ஒரே இடத்துல காத்திருக்கிற ஈபோல்ல போடுங்க, ஆனா ஃப்ளாக் 1-ன்னா மட்டும் அதுல எழுதுங்க, ஒவ்வொரு மெசேஜுக்கும் எழுதினா திரும்ப பழைய குருடி கதவ திறடி.

எழுதி முடிச்சதும் ரெண்டு டெஸ்ட் பண்ணுங்க. ஒன்னு, ஒரு ஷெல் லூப் போட்டு ரெண்டு ப்ராசஸையும் கண்ட நேரத்துல கில் மைனஸ் 9 அடிச்சு திரும்ப ஸ்டார்ட் பண்ண விட்டுட்டு ராத்திரி முழுக்க ஓட விடுங்க, அதையே டாஸ்க்செட் கமாண்ட்ல ரெண்டையும் ஒரே கோர்ல கட்டிப் போட்டும் ஒரு ராத்திரி. ரெண்டு, எஸ்ட்ரேஸ்ல (ப்ராசஸ் பண்ற சிஸ்டம் கால காட்டுற டூல்) ஃப்யூட்டெக்ஸ் கால எண்ணிப் பாருங்க. மெசேஜ் எப்பயாவது ஒன்னுன்னு வர்ற நேரத்துல ஒரு மெசேஜுக்கு ஒரு வெயிட், ஒரு வேக் இருக்கும், அது சரிதான். செகண்டுக்கு ரெண்டு லட்சம் வர்றப்ப அந்த எண்ணிக்கை நல்லா விழணும். விழலன்னா ரீடர் ஒவ்வொரு மெசேஜுக்கும் அவசரப்பட்டு தூங்கப் போகுதுன்னு அர்த்தம், உங்க மெசேஜ் அஞ்சு மைக்ரோசெகண்டுக்கு ஒன்னு வருது, அதனால ஃப்ளாக்ல 1 போடுறதுக்கு முன்னாடி ஒரு பத்து மைக்ரோசெகண்ட் ரிங்கயே பாத்துக்கிட்டு சுத்த விடுங்க. இங்க சுத்துறதுல ஆபத்து இல்ல, யாரு கைலயும் லாக் இல்ல, வரம்பு முடிஞ்சா தூங்கிடப் போகுது.